பழைய பிளைண்ட்ஸுக்குப் புது நிறம்: பெயிண்டைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும்

ஜன்னலில் திரைக்குப் பதிலாகத் தொங்கும் பிளைண்ட்ஸ் பழுப்பேறிவிட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கயிற்றை இழுத்தால் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா? குச்சியைத் திருகினால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றனவா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கெட்டுப்போனது நிறம் மட்டும்தான். அதற்குப் பெயிண்ட் போதும். ஜன்னல் அளவுக்கு ஏற்கெனவே வெட்டப்பட்ட பொருள், மாட்டுவதற்கான பிடிகளும் அதே இடத்தில் இருக்கின்றன, புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பது சின்னப் பகுதிதான். கழற்றுவது, கழுவுவது, காயவிடுவது, இந்த மூன்றுக்குத்தான் நாள் போகும். இது தெரியாமல் முதல் தடவை நான் பிளைண்ட்ஸை ஜன்னலிலேயே தொங்கவிட்டு, பின்னால் செய்தித்தாள் ஒட்டி, ஸ்ப்ரே டப்பாவை எடுத்து மேலிருந்து கீழ்வரை அடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து மேலே ஏற்றினேன். மாலையில் இறக்கினால் இறங்கவில்லை. கையால் பிரித்தபோது ‘சரக், சரக்’ என்று ஒவ்வொரு பட்டையாக விட்டது. ஒன்றின் பெயிண்ட் இன்னொன்றின் முதுகில் தோலாக உரிந்து ஒட்டியிருந்தது. ஏணிபோல் இருக்கும் நடுக்கயிறுகள் பெயிண்டைக் குடித்துக் கம்பியாக விறைத்துவிட்டன. பட்டைகளைத் திருப்பினால் ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்குப் பழைய நிறம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. மேல் பட்டை மறைத்த இடம் அது.

சுவருக்கு அடிக்கும் பெயிண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். சுவரில் அடித்த பெயிண்ட் எதன்மீதும் படுவதில்லை. பிளைண்ட்ஸை மேலே ஏற்றினால் ஐம்பது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காருகின்றன. பெயிண்ட்மேல் பெயிண்ட், அதன்மேல் எடை, கூடவே கண்ணாடி வழியாக வரும் வெயில் சூடு. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படித்தால் ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறேன் என்பது புரியும்.

எதற்கு அடிக்கலாம், எதற்கு வேண்டாம்

குறுக்காகப் பட்டைகள் அடுக்கிய வெனிஷியன் பிளைண்ட்ஸ்தான் இதற்கு ஏற்றது. அலுமினியம், மரம், மரம்போல் தெரியும் கெட்டி பிளாஸ்டிக் என மூன்றிலும் பெயிண்ட் நிற்கும். துணியில் செய்த ரோலர் பிளைண்டில் அடித்தால் சுருட்டும் இடத்தில் வெடிக்கும். தேன்கூடு மடிப்பு வைத்த துணி பிளைண்டை மறந்துவிடுங்கள். செங்குத்தாகத் தொங்கும் துணிப் பட்டைகளுக்கும் பெயிண்ட் சரிவராது. பிளாஸ்டிக் என்றால் அடிக்கலாம்.

பிளாஸ்டிக் என்றால் முதலில் ஒரு பட்டையின் நுனியை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பினால் சரி. ‘டப்’ என்று உடைந்தால் வெயில் அதை உள்ளேயே தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கே சிதைந்திருக்கிறது. அதற்குமேல் பெயிண்ட் அடிப்பது வீண்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டல்ல. 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய மெல்லிய வினைல் (பிவிசி பிளாஸ்டிக்) மினி பிளைண்ட்ஸ் வீட்டில் இருந்தால் தேய்க்கவும் வேண்டாம், பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். 1996-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதுபற்றி வெளிப்படையாக எச்சரித்தது. அப்போது விற்ற இறக்குமதி வினைல் பிளைண்ட்ஸில் பிளாஸ்டிக் உறுதியாக இருக்க ஈயம் சேர்த்திருந்தார்கள். வெயிலும் சூடும் பட்டுப் பிளாஸ்டிக் சிதையும்போது அந்த ஈயம் மேற்பரப்பில் தூசியாகப் படிகிறது. சிறு குழந்தைகள் அதைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைப்பார்கள். எந்தக் காலத்துப் பிளைண்ட் என்று தெரியவில்லையா? வினைல் என்றால் சந்தேகத்தின் பலனை அதற்குத் தராதீர்கள், கழற்றிவிடுங்கள். பழைய பெயிண்ட் அடித்த மரப் பட்டைகளிலும் இதே கவனம் வேண்டும். பழைய காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் சாதாரணமாக இருந்தது.

எவ்வளவு பெயிண்ட்?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். 120 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் உள்ள ஜன்னலின் பரப்பு 1.44 சதுர மீட்டர். ஆனால் 25 மி.மீ. பட்டைகள் என்றால் சுமார் 57 பட்டைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். கூட்டினால் ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீட்டர். மூன்று கோட்டு, அதாவது மூன்று பூச்சு, அடித்தால் பத்து சதுர மீட்டருக்கு மேல். 400 மி.லி. ஸ்ப்ரே டப்பா ஒன்று, ஒரு கோட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர்தான் மூடும். குறுகலான பட்டையில் அடிக்கும்போது அதிலும் பாதி காற்றோடு போகும். ஒரு டப்பா வாங்கிவந்து ஜன்னலை முடித்துவிடலாம் என்ற கணக்கு நடக்காது.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எனாமல் ஒரு லிட்டர் பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும். அதனால் என் கணக்கு இப்படி: 50 மி.மீ. அகலப் பட்டை, மரம், கெட்டி பிளாஸ்டிக் என்றால் சின்ன ஃபோம் ரோலரும் அக்ரிலிக் எனாமலும். மெல்லிய அலுமினியப் பட்டை என்றால் ஸ்ப்ரே. அலுமினியப் பட்டை ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன்தான், தூரிகையால் கனமாகப் பூசினால் விளிம்பில் மொத்தை கட்டும், வளையும்போது வெடிக்கும்.

சுவருக்கு வாங்கி மிச்சமிருக்கும் எமல்ஷனை எடுத்து அடிக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். அது முழுதாக இறுகாது, பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். சாக் பெயிண்டும் அப்படித்தான், அதன்மேல் பூசும் மெழுகு வெயிலில் இளகும். எண்ணெய் எனாமல் இறுகும், ஆனால் வெள்ளை நிறம் நாளாவட்டத்தில் மஞ்சளாகும். மஞ்சளைப் போக்கத்தானே இந்த வேலையே செய்கிறோம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் நேராக விழும் ஜன்னலில் பிளாஸ்டிக் பட்டைக்கு அடர்நிறம் அடிக்காதீர்கள். கறுப்பும் கரும்பழுப்பும் சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் பட்டைக்கும் நடுவே சூடு ஏறி, பட்டை நடுவில் தொய்ந்துவிடும். பளபளப்பில் மிதமாக மின்னும் சாடின்தான் நல்லது. மினுமினுப்பில்லாத ‘மேட்’ பூச்சில் தூசி ஒட்டும், மினுமினுப்பான ‘கிளாஸ்’ பூச்சில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

கழற்றுவது

முதலில் பிளைண்ட்ஸை முழுதாக இறக்கி, பட்டைகளைத் திறந்த நிலையில் வைத்து, போனில் படம் எடுங்கள். மேல்சட்டத்தை ஒரு படம், அடிச்சட்டத்தை ஒரு படம், கயிறு பட்டைகளுக்குள் போகும் விதத்தை நெருக்கமாக இரண்டு படம். இந்த நான்கு படங்கள் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மேல்சட்டத்தின் இரண்டு முனையிலும் உள்ள பிடிகளின் மூடியைத் திறந்தால் முழுப் பிளைண்ட்டும் கையோடு வந்துவிடும். இதற்கு இன்னொருவர் வேண்டும், மரப் பிளைண்ட் நல்ல கனம். நீளமான மேசையிலோ தரையிலோ விரித்துப் போடுங்கள்.

இப்போது அடிச்சட்டத்தைத் திருப்புங்கள். அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொத்தான்கள் இருக்கும். திருப்புளியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு முடிச்சு தெரியும். அதுதான் பட்டைகளைத் தூக்கும் கயிற்றின் முடிவு. முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை மேலே இழுத்தால், ஒவ்வொரு பட்டையின் ஓட்டையிலிருந்தும் அது உருவி வரும். முழுவதும் உருவி மேல்சட்டத்துக்குள் போய்விடாமல் நுனியில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். உள்ளே போய்விட்டால், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டுக்குள் அதைத் திரும்பக் கோப்பது பெரும்பாடு.

கயிறு போனதும் பட்டைகள் ஏணிக்கயிற்றின் படிகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் உருவுங்கள். உருவிய வரிசையும் முன்பின் பக்கமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டையும் ஒன்றுதானே என்று தோன்றும். சில பிளைண்ட்ஸில் ஓட்டை நடுவில் இல்லாமல் விளிம்பை ஒட்டி இருக்கும், அங்கே முன்பின் மாறினால் எதுவும் சரியாக மூடாது.

கவனித்தீர்களா, பல வீடுகளில் பிளைண்ட்ஸ் ஜன்னலைவிட நீளமாக இருக்கும், கடைசி நாலைந்து பட்டைகள் கீழே குவிந்து கிடக்கும். அவை சோதனைக்கு வந்த வரம். அதில் ஒன்றை வைத்துப் பெயிண்டைச் சோதித்துப் பாருங்கள், நடுவில் உடைந்த பட்டை இருந்தால் அதற்கு மாற்றாக இன்னொன்றைப் போடுங்கள்.

கழுவுவது

பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய ஸ்பாஞ்சால் துடையுங்கள். சமையலறைப் பிளைண்ட்ஸில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பழுப்புப் பசையாக இருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். அது முழுதாகப் போகவேண்டும். மரத்தை ஊறவைக்கக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

முன்பு யாராவது பாலிஷ் ஸ்ப்ரே போட்டுத் துடைத்திருந்தால் சிலிக்கோன் படலம் இருக்கும். அதன்மேல் பெயிண்ட் நிற்காமல் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். சந்தேகமிருந்தால் கழுவிய பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் காயட்டும். ஓட்டைகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர்தான் பின்னால் கொப்புளமாக வரும்.

தேய்ப்பதும் பிரைமரும்

240 அல்லது 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பழைய பெயிண்டைக் கிளப்புவது நோக்கமல்ல, மினுமினுப்பு போனால் சரி. அலுமினியத்தில் ஆலையில் சுட்டு இறுக்கிய பூச்சு இருக்கும், அது நல்ல அஸ்திவாரம். உலோகம் தெரியும்வரை தேய்க்காதீர்கள். தூசியைத் துடைத்துவிட்டு, பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அடியில் பூசும் பிரைமரை அடியுங்கள்: பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் பிரைமர், உலோகம் வெளித்தெரியும் இடத்துக்கு உலோகப் பிரைமர், மரத்துக்கு மரப் பிரைமர் என்று மெல்லிய ஒரு கோட்டு.

எல்லாப் பட்டைக்கும் அடிப்பதற்கு முன்னால் அந்தச் சோதனைப் பட்டையில் பிரைமரும் பெயிண்டும் அடித்து மூன்று நாள் விடுங்கள். பிறகு பிளேடால் சின்னக் கட்டங்கள் கீறி, செலோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் உங்கள் பிரைமர் சரியில்லை, அல்லது கழுவியது போதவில்லை. ஐம்பது பட்டைக்கு அடித்துவிட்டு இதைத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றில் தெரிந்துகொள்வது மேல்.

அடிப்பது

நல்ல காற்றோட்டமுள்ள இடம், ஆனால் காற்று அடிக்கும் இடமல்ல. நேர் வெயிலில் வேண்டாம், பெயிண்ட் பட்டையில் பரவும் முன்னே காய்ந்துவிடும். மழை ஈரம் நிறைந்த நாளும் வேண்டாம். ஸ்ப்ரேயில் எரிவாயு இருக்கிறது. பக்கத்தில் அடுப்பு, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. சாதாரண தூசி மாஸ்க் பெயிண்ட் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிகளுக்கான வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரே என்றால் பட்டைகளைத் தொங்கவிடுவது சுலபம். பேப்பர் கிளிப்பை விரித்து எஸ் வடிவில் கொக்கியாக்கி, பட்டையின் ஓட்டையில் மாட்டி, கட்டிய கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டால் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் அடிக்கலாம். டப்பாவை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், உள்ளே குண்டு ஓடும் சத்தம் கேட்க வேண்டும். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, பட்டை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அழுத்தி, முடிந்த பிறகே விடுங்கள். முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். தெரிகிறதே என்று அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அடித்தால் வழியும். அடுத்த கோட்டு அதை மூடும்.

இங்கே ஒரு பொறி. பல ஸ்ப்ரே டப்பாக்களின் முதுகில் ‘ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டு, இல்லையென்றால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து’ என்று எழுதியிருக்கும். நடுவில் ஐந்து மணி நேரத்தில் அடித்தால் அடிப்பூச்சு பாதி இறுகிய நிலையில் கரைந்து, பழத்தோல் சுருங்குவதுபோல் சுருக்கம் விழும். எழுத்து பொடியாக இருக்கிறது என்று படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ரோலர் என்றால் இரண்டு நீளக் குச்சிகளை இணையாகப் போட்டு, பட்டைகளை அவற்றின் குறுக்கே விரல் இடைவெளியில் அடுக்குங்கள். ரோலரைப் பெயிண்டில் தோய்த்து, தட்டில் உருட்டி மிச்சத்தை எடுத்துவிட்டுத்தான் பட்டையைத் தொட வேண்டும். கடைசியாக விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், அங்கேதான் சொட்டு தேங்கி நிற்கும். கயிறு போகும் ஓட்டைகளைப் பெயிண்ட் காய்வதற்குள் பல்குத்தும் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே திருப்ப வேண்டும்.

மேல்சட்டத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதும். மேல்சட்டத்தின் உள்ளே இருக்கும் பற்சக்கரம், கயிற்றுப் பூட்டு, உருளை ஆகியவற்றில் ஒரு துளிகூடப் படக்கூடாது. மாஸ்கிங் டேப்பால் நன்றாக மூடுங்கள். கயிறுகளுக்குப் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம்.

கயிறு

கயிறுகள் மட்டும் பழுப்பாக இருந்தால் புதிதாகப் பெயிண்ட் அடித்த பட்டைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். அவிழ்த்து வைத்த கையோடு மாற்றிவிடுவது நல்லது. பழைய கயிற்றின் நுனியையும் புதியதின் நுனியையும் சேர்த்து மெல்லிய டேப்பால் ஒட்டி, பழையதை மெதுவாக இழுத்தால் புதியது பூட்டுக்குள்ளும் உருளைக்குள்ளும் தானாகக் கோத்துக்கொண்டு போகும்.

குழந்தைகள் உள்ள வீடு என்றால் கையில் பிடித்து இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கக் கூடாது. வளையத்தை வெட்டித் தனித்தனி நுனியாக்கி, சுவரில் எட்டாத உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். பிளைண்ட் கயிற்றில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் நிஜம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்த ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

திரும்பக் கோப்பது

கடைசிக் கோட்டு முடிந்து குறைந்தது இரண்டு நாள் பட்டைகளைத் தனித்தனியாகவே வைத்திருங்கள். தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே மிருதுவாக இருக்கும். நகத்தை விளிம்பில் அழுத்திப் பாருங்கள்; தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள்.

மேல்சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, தொங்கும் ஏணிக்கயிற்றில் பட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகுவது எளிது. வளைந்த பட்டை என்றால் மேடான பக்கம் மேலே. எல்லாம் செருகியான பிறகு தூக்கும் கயிற்றை ஓட்டைகள் வழியாக இறக்குங்கள். நுனியில் டேப்பை இறுக்கச் சுற்றி ஊசிபோல் ஆக்கினால் தடையில்லாமல் போகும். ஏணிக்கயிற்றின் குறுக்குப் படிகளுக்கு ஒருமுறை இடப்பக்கம், அடுத்தமுறை வலப்பக்கம் என்று கயிறு மாறிமாறிப் போகிறதா என்று எடுத்து வைத்த படத்தைப் பாருங்கள். அப்படிப் போகாவிட்டால் பட்டைகள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடிச்சட்டத்தில் கோத்து, முடிச்சுப் போட்டு, பொத்தானை அழுத்தி மூடுங்கள். முடிச்சுகள் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அடிச்சட்டம் சாயாமல் நிற்கும். ஒருமுறை தூரத்தில் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மாட்டிய பிறகு

இரண்டு வாரம் பிளைண்ட்ஸை மேலே ஏற்றாதீர்கள். முழுதாக இறக்கி, பட்டைகளைத் திறந்த நிலையில் வைத்திருங்கள். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் குச்சியை லேசாகத் திருகிக்கொள்ளலாம். அக்ரிலிக் பூச்சு முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குளிர்காலத்தில் இன்னும் கூடும். முதலில் ஏற்றும்போது பாதி உயரம் ஏற்றி ஓர் இரவு விட்டு இறக்கிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அப்புறம் உங்கள் இஷ்டம்.

முதல் மாதம் தண்ணீர் படவேண்டாம். தூசி படிந்தால் பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பட்டையை இரு பக்கமும் விரல்களால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். மிஞ்சிய பெயிண்டைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, எந்த ஜன்னல், எந்த நிறம், என்றைக்கு அடித்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் ஓரத்தில் கயிறு உரசி உரசி நிறம் போவது ஆறு மாதத்திலேயே தெரியும், அப்போது தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்தால் போதும்.